வெட்டிய கத்தி, குட்டை உறை: இந்தியாவில் மாற்றப்பட்ட ஒரு பேயனட் தொகுப்பை அடையாளம் கண்ட நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், கணவர் காலமான பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோகத் தயாராகிக்கொண்டிருந்தார். பரணைக் காலி செய்தபோது மாமனாரின் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. மாமனார் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் இருந்தவர். 1943 முதல் 1946 வரை இந்தியாவிலும் பர்மா முனையிலும் பணியாற்றியிருக்கிறார். பெட்டியில் பர்மா ஸ்டார் பதக்கம், கொஞ்சம் கடிதங்கள், ஒரு பேயனட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), அதன் தோல் உறை, உறையை இடுப்பில் தொங்கவிடும் துணிப் பட்டி, அப்புறம் ஓர் இடைவார். பர்மாவில் அவர் இடுப்பில் கட்டியிருந்தது இதுதான் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டு இளைஞர்தான் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கிக் கொடுத்தவர். திறந்த அன்றே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, போனில் சில படங்கள் எடுத்து வைத்துக்கொண்டார். பிற்பாடு இந்த வேலைக்கு மிகவும் உதவியது அந்தப் படங்கள்தான்.

எனக்குச் சேதி வந்தது பல வாரங்கள் கழித்து. இந்தியாவில் தயாரான பேயனட் உறைகளையும் பட்டிகளையும் நான் சேகரிப்பது அவருக்குத் தெரியும். “அண்ணை, ஒரு பேயனட் இருக்கு. ஆரோ வெட்டிப் பழுதாக்கிப் போட்டினமாம். உறையும் பிழையாம். விக்கிறதுக்கு முன்னம் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

## எனக்கு முன்பே நடந்தவை

அந்த இடைவெளியில் மூன்று காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. அம்மையாரின் மகள், பட்டி அழுக்காக இருக்கிறதே என்று அதைச் சலவை எந்திரத்தில் போட்டு எடுத்துவிட்டார். அதன் பிறகு குடும்பம் எல்லாவற்றையும் ஒரு ராணுவப் பழம்பொருள் சந்தைக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு வியாபாரி இடைவாரை 2 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். மூன்றாவது, அவர் சொன்ன ஆலோசனை.

கத்தியில் 1917 என்று இருக்கிறது, ஆகவே இது முதல் உலகப் போர்ப் பொருள். ஆனால் யாரோ தோட்ட வேலைக்கு நுனியை வெட்டிவிட்டார்கள். உறை குட்டையாக இருப்பதால் அது வேறு எதற்கோ உரியது. துணிப் பட்டி இரண்டாம் போர்க் காலத்தது, அதுவும் பொருந்தாது. குட்டை உறையையும் பட்டியையும் தன்னிடம் கொடுத்துவிட்டு நீள உறை ஒன்றை வாங்கிக்கொண்டால் “சரியான” தொகுப்பு ஆகிவிடும். இதுதான் அவர் வாதம். அம்மையார் 30 பவுண்டு கொடுத்து நீள உறையை வாங்கிவிட்டார். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று பேச்சு. குட்டை உறையையும் பட்டியையும் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

அந்த வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். 1907 மாதிரி பேயனட் ஒன்றைக் கையில் எடுக்கும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கத்தியின் கழுத்தில் உள்ள தேதியைத்தான். அந்தத் தேதிக்குப் பொருந்தாதது எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட குப்பை என்று எண்ணத் தோன்றும். துணைப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் மறுமுனையிலிருந்து வருவார்கள். கத்தி பிறந்த வருஷம் கத்தியிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் அது எங்கே போனது, யாரிடம் இருந்தது என்று தெரிய வேண்டுமானால் உறையையும் பட்டியையும்தான் பார்க்க வேண்டும்.

## பார்க்கப் போவதா, கொண்டுவரச் சொல்வதா

முதல் முடிவு இதுதான். இளைஞர் பேருந்தில் எடுத்து வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இங்கிலாந்தில் இப்படி ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி கொண்டுபோவது 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி குற்றம். காரணம் இருந்தாலும், அதை நடுத்தெருவில் நின்று ஒரு போலீஸ்காரருக்கு விளக்கும் நிலைமை எதற்கு? கத்தியை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டு நானே போனேன். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஆயுத விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள் வரிசையில் பேயனட்டும் பெயர் சொல்லியே வருகிறது.

கொண்டுபோனவை: அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள இரும்பு அளவுகோல், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், கணினியில் செருகும் சின்ன நுண்ணோக்கி, டார்ச், புற ஊதா விளக்கு, பருத்திக் கையுறை.

## கத்தி: வெட்டியது யார்

1907 மாதிரி பேயனட், பிரிட்டனின் எஸ்.எம்.எல்.ஈ. என்ற குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்காக உருவானது. அந்தத் துப்பாக்கி அதற்கு முந்தியதைவிடக் குட்டை. நேருக்கு நேர் மோதலில் எட்டும் தூரம் குறைந்துவிடும் என்ற கவலையில் கத்தியை நீட்டினார்கள். முந்தைய 1903 மாதிரியின் கத்தி 12 அங்குலம், இது 17 அங்குலம். வடிவத்துக்கு ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் பேயனட் முன்மாதிரி. முதலில் குறுக்குக் காப்பின் கீழ்நுனியில் ஒரு வளைந்த கொக்கி இருந்தது. 1913இல் அதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கத்தியின் கழுத்தில் ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழ் அரசரின் பெயரெழுத்துகளான ஜி.ஆர்., அதன் கீழ் 1907, பிறகு மாதமும் வருஷமுமாக 5 '17, கடைசியில் செய்த நிறுவனத்தின் பெயர் வில்கின்சன். இங்கே 1907 என்பது மாதிரியின் வருஷம், தயாரித்த வருஷம் இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் “1907இல் செய்தது” என்று விற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மறுபக்கம் அம்புக்குறி, வளைத்துச் சோதித்ததைக் காட்டும் எக்ஸ் குறி, ஆய்வாளர் முத்திரைகள். ஆக, 1917 மே மாதத்து பிரிட்டிஷ் கத்தி. அதில் வியாபாரி சொன்னது சரி.

கத்தியின் நீளம் 12 அங்குலம், ஒரு மயிரிழை கூடக் குறைய. தோட்டத்தில் வெட்டியவருக்கு இந்த அளவு கணக்காக வந்திருக்குமா?

இரண்டாம் போரில் இந்திய ராணுவத்தின் கையில் இருந்தது பெரும்பாலும் அதே பழைய துப்பாக்கி. 1926இல் அதற்கு நம்பர் 1 என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 17 அங்குலக் கத்தி காட்டுப் போருக்கு உதவாது. புதரில் மாட்டும், லாரியில் உட்காரும்போது இடிக்கும். 1940களின் தொடக்கத்தில் இந்தியாவில் பழைய கத்திகளை 12 அங்குலத்துக்குக் குறைத்தார்கள். நுனியின் மேல்புறத்திலும் விளிம்பு தீட்டாமல் விட்டவை மார்க் 1, தீட்டியவை மார்க் 1 ஸ்டார். பிறகு கல்கத்தாவுக்கு அருகே உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் மற்றவர்களும் 12 அங்குலத்திலேயே புதிதாகச் செய்தார்கள். அவற்றில் கத்தியின் பக்கவாட்டில் ஓடும் நீளப் பள்ளமான காடி கிடையாது. அது மார்க் 2. இன்னும் அவசரம் கூடியபோது பிடியின் வளைவுகளையெல்லாம் விட்டுச் சதுரமாகச் செய்தது மார்க் 3.

குறைத்த கத்தியைக் கண்டுபிடிக்கக் காடி ஒன்று போதும். முழுக் கத்தியில் பக்கவாட்டுக் காடி நுனிக்கு நெடுந்தூரம் முன்பே மெல்ல மறைந்துவிடும். குறைத்ததில் அது நுனியைத் தொடுகிறமாதிரி ஓடி வெட்டுப்பட்டு நிற்கும். இதில் அப்படித்தான் நின்றது. இரு பக்கமும் நுனி ஒரே கோணத்தில் தேய்க்கப்பட்டிருந்தது. மேல்புறமும் சுமார் இரண்டு அங்குலம் தீட்டியிருந்தது. கறுப்புப் பூச்சு பழைய பகுதியிலும் புதிதாக வெட்டிய பகுதியிலும் ஒரே சீராக, ஒரே தடவையில் பூசியதாக இருந்தது. வீட்டுப் பட்டறையில் வெட்டியிருந்தால் வெட்டின இடம் வெள்ளி நிறத்தில் பளிச்சென்றோ வேறு விதமாகத் துருப்பிடித்தோ இருக்கும். மார்க் 1 ஸ்டார் என்று குறித்துக்கொண்டேன்.

கத்தியைப் பற்றி இவ்வளவு போதும். கத்தியை அடையாளம் காண வழிகாட்டிகள் நிறைய உண்டு.

## உறை

குட்டை உறையைத்தான் மேசையில் நெடுநேரம் வைத்துப் பார்த்தோம். கறுப்புத் தோல், பின்பக்கம் நீளவாக்கில் தையல், வாயில் ஓர் இரும்புப் பூண், முனையில் ஓர் இரும்புப் பூண். வாய்ப்பூணில் ஒரு குமிழ். பட்டியின் துளையில் நுழைந்து உறை நழுவாமல் பிடிப்பது இந்தக் குமிழ்தான். அமைப்பு அச்சு அசலாக பிரிட்டிஷ் உறை. நீளம் மட்டும் ஏறத்தாழ ஐந்து அங்குலம் குறைவு.

இப்படிப்பட்ட குட்டை உறை இரண்டு விதமாக வரும். பிரிட்டிஷ் நீள உறையை வெட்டி முனைப்பூணைத் திரும்ப ஏற்றியது ஒன்று. இந்தியாவில் குட்டையாகவே செய்தது மற்றொன்று. தையலைப் பார்த்தால் தெரியும். வெட்டிய உறையில் தையல் பூணுக்குள் பாதியில் அறுந்துபோகும், முடிச்சு இருக்காது. இதில் பூணின் விளிம்புக்கு மேலேயே இரண்டு தையல் திரும்பி வந்து கட்டியிருந்தது. நூல் தடிப்பு, தையலுக்குத் தையல் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. சாயம் உரிந்த இடத்தில் தோலின் அடிநிறம் செம்பழுப்பு. டார்ச்சைத் தோலோடு தோலாகப் படுக்க வைத்து ஒளியை அடித்தபோது, பின்பக்கம் தையலுக்கு அருகே ஒரு முத்திரை எழும்பி வந்தது. அம்புக்குறி, அதன் கீழே ஆங்கில ஐ எழுத்து, சற்றுத் தள்ளி 43.

அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையின் அடையாளம். அதோடு சேரும் எழுத்தைக் கொண்டு எந்த நாட்டுக் கணக்கில் இருந்தது என்று பிரிக்கலாம். சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே நின்றால் ஆஸ்திரேலியா. அம்புக்குக் கீழே ஐ இருந்தால் இந்தியா. உறையோ பட்டியோ கிடைத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். பலர் முத்திரையே இல்லை என்று விட்டுவிடும் பொருள்களில் பாதி, வெளிச்சத்தை மேலிருந்து அடித்துப் பார்த்தவை.

அடுத்து, மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று எவ்வளவு காலம் இருந்தன என்பது. உறையின் நடுப்பகுதியில் ஓர் அகலமான வளையம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தது. லென்ஸில் பார்த்தால் அந்த வளையத்துக்குள் தோலில் குறுக்கும் நெடுக்குமாக நெசவு பதிந்திருந்தது. பட்டியின் கீழ்ப் பட்டை அங்கே வருஷக்கணக்காக இறுக்கிப் பிடித்துக் கிடந்ததன் தடம். பட்டியை மாட்டிப் பார்த்தோம். கீழ்ப் பட்டையின் இரண்டு விளிம்பும் அந்தத் தடத்தின் இரண்டு விளிம்பில் வந்து நின்றன. பட்டியின் மேல்துளையைச் சுற்றி, குமிழின் வட்டத்தில் துருக்கறை இருந்தது. சலவையிலும் அது போகவில்லை. கத்தியின் இரு பக்கத்திலும் வாய்ப்பூணின் உள் தகடுகள் உரசிய கோடு, கத்தியை முழுதாகச் செருகும்போது தகடுகள் வரும் இடத்திலேயே தொடங்கியது.

சந்தையில் நேற்றுச் சேர்த்த பொருள்களில் இந்தத் தடங்கள் இருக்காது. மூன்றும் பல்லாண்டுகள் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

## பட்டியும் சலவையும்

ஆங்கிலத்தில் ஃப்ராக் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் இந்தப் பட்டி, 1937 மாதிரித் துணிச் சாமான்களில் ஒன்று. மேலே இடைவார் நுழைய ஒரு கண்ணி, கீழே உறையைப் பிடிக்க இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். 1908 மாதிரியில் இதோடு மண்வெட்டிப் பிடியைத் தாங்கும் தனி நாடாவும் சேர்ந்து வருவதுண்டு. முதல் போரில் துணிப் பட்டி தட்டுப்பாடானபோது வந்த 1914 மாதிரி முழுக்கத் தோல். மூன்றையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

பிரிட்டிஷ் பட்டியின் நெசவு நெருக்கமாக, விளிம்பு கோடு போட்ட மாதிரி இருக்கும். இந்தியப் பட்டியின் நெசவு தளர்ச்சி. நிறத்தில் மஞ்சள் கூடுதல். தேவையான அகலத்தில் நெய்யாமல் மடித்துத் தைத்து அகலத்தைச் சரிசெய்திருப்பார்கள். இந்தப் பட்டி அப்படித்தான் இருந்தது. முத்திரை இருக்க வேண்டிய பின்பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும். மை சலவையோடு போய்விட்டது. பிளாங்கோ என்ற பச்சைப் பூச்சும் போய்விட்டது. படைவீரர்கள் துணிச் சாமான்களில் திரும்பத் திரும்பத் தடவிய பூச்சு அது. அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அதுவும் ஒரு சான்று.

சலவையின் இன்னொரு விளைவு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இந்த மாதிரிப் பட்டிகளை இப்போது புதிதாகச் செய்து, பழையது போல் முத்திரை குத்தி விற்கிறார்கள். அதைப் பிரிக்கப் புற ஊதா விளக்கு ஓர் எளிய சோதனை. புதிய நூலும் துணியும் நீல வெள்ளையாக ஒளிரும், பழைய பருத்தி மங்கலாகக் கிடக்கும். விளக்கைப் போட்டோம். பட்டி முழுக்க ஒளிர்ந்தது. இளைஞரின் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்த ஒளிர்வுக்கு வேறு காரணம் உண்டு. இன்றைய சலவைத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்டுவதற்கென்றே ஒளிரும் பொருள் கலக்கிறார்கள். அது ஒரு சலவையிலேயே பருத்தியில் ஏறிவிடும். ஆகவே சலவை செய்த பட்டியில் இந்தச் சோதனை புதியதென்றும் சொல்லாது, பழையதென்றும் சொல்லாது. அதன் முடிவைக் குறிப்பேட்டில் எழுதவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். எழுதினால் பின்னால் படிப்பவர் “ஒளிர்ந்தது” என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வார்.

வேறு வழியில் போனோம். மேல்கண்ணியின் ஓரத்தில் தானாகவே பிரிந்து தொங்கிய ஓர் இழையை நுண்ணோக்கியில் பார்த்தோம். பருத்தி இழை தட்டையான நாடாவை முறுக்கியதுபோல் தெரியும். செயற்கை இழை வழவழப்பான கம்பியாகத் தெரியும். துணி, தைத்த நூல் இரண்டுமே பருத்தி. நூலைத் தீயில் காட்டிச் சோதிப்பதும் உண்டு. பிறருடைய பொருளில் நான் அதைச் செய்வதில்லை. பருத்தி என்பதால் மட்டும் பழையது என்று ஆகிவிடாதுதான். ஆனால் துருக்கறையும் தோலில் பதிந்த நெசவும் சேரும்போது போலி என்ற ஐயத்துக்கு இடமில்லை. தோலில் பதிந்த நெசவின் இழை எண்ணிக்கையும் பட்டியின் இழை எண்ணிக்கையும் ஒரே அங்குலத்தில் ஒத்துப்போயின.

அப்புறம்தான் முதல் நாள் எடுத்த படங்கள் ஞாபகம் வந்தன. பெட்டி திறந்த அன்று எடுத்தவற்றில் ஒன்றில் பட்டி குப்புறக் கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைப் பூச்சுக்கு அடியில் அம்பின் தலை தெரிகிறது, அதற்குக் கீழே படிக்க முடியாத இரண்டு மூன்று எழுத்துகள், கடைசியில் 1944. செய்தவர் பெயர் போனது போனதுதான். வருஷம் தப்பியது.

## வியாபாரி தந்த நீள உறை

இதைப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. தோலில் பச்சைச் சாயத்தின் மிச்சம். வாயில் குமிழ் இல்லை; பதிலாகக் கம்பிக் கொக்கி. அமெரிக்க எம்1917 பேயனட்டின் உறை. அமெரிக்க இடைவாரின் கண்களில் நேராக மாட்டிக்கொள்ளும் வகை.

குழப்பம் நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் 1913 மாதிரி பேயனட்டும் அதன் அமெரிக்கப் பிரதியான எம்1917உம் கத்தியளவில் 1907க்குச் சமம். உறைகளை மாற்றி மாற்றிப் போடலாம். கத்திகளைப் பிரிக்கப் பிடியைப் பார்க்க வேண்டும். 1913, எம்1917 இரண்டின் மரப்பிடியிலும் குறுக்காக இரண்டு வெட்டுக்கோடுகள் இருக்கும், 1907இல் இருக்காது. 1940 முதல் பிரிட்டனின் ஹோம் கார்டு தொண்டர் படைக்கு அமெரிக்காவிலிருந்து எம்1917 துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் வந்தன. அவற்றோடு வந்த உறைகள் இன்றைக்கும் இங்கே சந்தைகளில் சுற்றுகின்றன. நல்ல உறைதான். ஆனால் குமிழ் இல்லாத அந்த உறையை எந்த பிரிட்டிஷ் பட்டியும் பிடித்து நிறுத்தாது. 12 அங்குலக் கத்தியை அதில் செருகினால் முனையில் ஐந்து அங்குலம் காலியாக இருக்கும். இந்த மாற்றம் நடந்திருந்தால், உண்மையிலேயே சேர்ந்திருந்த ஒரு தொகுப்பைக் கலைத்து, ஒருநாளும் சேர்ந்திராத ஒன்றை உண்டாக்கியிருப்பார்கள்.

## எடுத்த முடிவுகள்

எதையும் மாற்ற வேண்டாம் என்பது முதல் முடிவு. 1917 கத்தி, 1943 உறை, 1944 பட்டி. தேதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று அம்மையார் கேட்டார். பொருந்தாததுதான் இயல்பு. பழைய கத்தியை எடுத்து, குறைத்து, புதிய உறையோடு, கிடங்கில் கிடைத்த பட்டியில் மாட்டிக் கொடுப்பது போர்க்காலக் கிடங்கின் அன்றாட வேலை. மூன்றிலும் ஒரே தேதி இருந்திருந்தால்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டிருப்பேன்.

இரண்டாவது, பராமரிப்பு. கத்தியையும் உறையையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் உள்ள அமிலம் இரும்பை அரிக்கும். கத்தியில் வாய்ப்பூணுக்கு நேராகத் துரு புள்ளிவைக்கத் தொடங்கியிருந்ததும் அதனால்தான். கத்திக்கு மெல்லிய நுண்மெழுகுப் பூச்சு போதும், மணல்தாள் கூடாது. உறைக்கு எண்ணெய் தடவக் கூடாது. குதிரைச் சேணத்துக்குப் போடும் எண்ணெயைத் தடவினால் தோல் மினுமினுக்கும் என்பது உண்மை. நாளடைவில் தோல் கொழகொழத்து, தையல் நூல் இற்று, முத்திரையும் மங்கிவிடும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பூஞ்சைக்காக சிலிக்கா ஜெல் பைகளையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் பேசி முடிக்க நேரமெடுத்தது. சிறு அட்டையில் “பர்மாவில் மாமனார் பயன்படுத்தியது” என்று எழுதித்தரச் சொன்னார் அம்மையார். பொருள்கள் இந்தியாவில் மாற்றப்பட்டவை, செய்யப்பட்டவை. காலம் 1943, 1944. அவர் அப்போது அங்கே இருந்தார். எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் இந்தக் கத்தியை இந்த மனிதரோடு கட்டும் ஒரு குறிகூட இந்த மூன்றிலும் இல்லை. ஊர் திரும்பும்போது நினைவுப் பொருளாக வாங்கியிருக்கலாம், நண்பர் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு குறி இருந்திருக்கக்கூடிய பொருள் இடைவார். படைவீரர்கள் தம் துணிச் சாமான்களின் உட்புறத்தில் பெயரையோ படை எண்ணின் கடைசி இலக்கங்களையோ மையால் எழுதுவது வழக்கம். அது 2 பவுண்டுக்குப் போய்விட்டது.

கடைசியில் அட்டையில் இரண்டு பத்தி எழுதினோம். மேலே, பொருள்கள் சொல்வது: மாதிரி, முத்திரை, அளவு, தேதி. கீழே, குடும்பம் சொல்வது: யார் சொன்னார், யாரிடம் கேட்டார், எப்போது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அம்மையாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. மாமனார் பொய் சொன்னாரா என்று கேட்டார். அவர் சொன்னதை அவர் பெயரிலேயே எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான் என்று இளைஞர் சொன்ன பிறகு சரி என்றார்.

## அதன் பின்

நீள உறையை வியாபாரி மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு 30 பவுண்டையும் கொடுத்தார். கொக்கியையும் குமிழையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது கவனமாகப் பார்த்தாராம். இடைவார் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதே முதல்நாள் படங்களில் இடைவாரும் இருக்கிறது, ஆனால் சுருட்டி வைத்த நிலையில். வெளிப்புறம் மட்டும் தெரிகிறது.

தொகுப்பை ஒரு ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முயன்றார்கள். மரியாதையாக மறுத்துவிட்டார்கள். இந்த வகை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வீரரோடு தொடர்பு உறுதியாகவும் இல்லை என்பது காரணம். பதக்கத்தையும் கடிதங்களையும் பார்க்க மட்டும் விரும்பினார்கள். கடிதங்களைப் படித்து எழுதும் வேலையை இப்போது மகள் எடுத்திருக்கிறார். அவற்றில் எங்காவது பேயனட்டைப் பற்றி ஒரு வரி வந்தால் அட்டையின் கோடு இடம் மாறும். இதுவரை வந்த கடிதங்களில் மழை, கொசு, டின் மாட்டிறைச்சி பற்றித்தான் இருக்கிறது.

பேயனட்டும் உறையும் பட்டியும் குடும்பத்திலேயே தங்கிவிட்டன.

## மறுபடி இப்படி ஒன்று வந்தால்

பெட்டி திறந்தவுடன் படம் எடுப்பது இந்த முறை தற்செயலாக நடந்தது. இனி யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: ஒவ்வொரு பொருளையும் இரண்டு பக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்து, சுருட்டியதைப் பிரித்து, உட்புறமும் சேர்த்து எடுங்கள். ஒரு படமாவது வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு இருக்கட்டும். அதற்கு முன் துணி எதையும் நனைக்கக் கூடாது, தோல் எதிலும் எதையும் தடவக் கூடாது.

பெட்டியில் இருந்தவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பார்த்து முடிக்கும்வரை எதையும் தனியாக விற்கக் கூடாது. கத்தி விலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அது பத்திரமாக இருக்கும். மலிவான சாமான்தான் முதலில் கைமாறும். பெயர் எழுதியிருப்பதும் பெரும்பாலும் அதில்தான்.

குடும்பத்தினர் சொல்லும் கதையை, பொருளைப் பார்ப்பதற்கு முன்பே, சொன்னவரின் வாய்மொழியாகவே எழுதிக்கொள்வதும் நல்லது. நான் முத்திரைகளைச் சொல்லச் சொல்ல, அம்மையாரின் கதையில் இந்தியா என்ற சொல் கூடிக்கொண்டே போனதைக் கவனித்தேன். வேண்டுமென்று செய்வதில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

இளைஞர் அந்தச் சந்தைக்கு இப்போது தவறாமல் போகிறார். 1937 மாதிரி இடைவார் எது கண்ணில் பட்டாலும் பிரித்து உட்புறம் பார்க்கிறார். தேட வேண்டிய எண்ணை பதக்கத்தோடு இருந்த தாளிலிருந்து போனில் குறித்து வைத்திருக்கிறார். போன மாதம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். கனடா இடைவார், சி எழுத்துக்குள் அம்பு.